ஒத்தப்பனை ஒயினும் ஜாடிக்கு இரண்டு கிலோ சீனியும்

மன்னிப்பது பெரிய குணம் என்று எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறுதோறும் கேட்கிறோம். நானும் தலையாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஆன்மேரி விஷயத்தில் அந்தக் குணம் எனக்கு வரவில்லை. வர வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.

ஆன்மேரி நான் பாடம் நடத்தும் பள்ளியில் வேதியியல் லேப் அசிஸ்டென்ட். வயது ஐம்பத்தொன்று. கணவர் இம்மானுவேல் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பழங்காநத்தத்தில் மாடியில் ஒரு வாடகை வீடு. அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதிர்ந்து பேசாதவர்களுக்குக் கோபமே வராது என்று நினைப்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன தப்பு.

பத்து வருஷத்துக்கு முன் பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். அங்கே பிரான்சில் குடியிருக்கும் ஒருவர் சிவப்பு ஒயின் கொண்டுவந்திருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரையே கேட்டிருக்கிறாள். கம்பெனி பெயர் சின்னதாகக் கீழே இருந்தது. பெரிதாக இருந்தது ஒரு திராட்சைத் தோட்டத்தின் பெயர். ஊரின் பெயர்கூட இல்லை, ஊருக்குள்ளே நாலு பக்கமும் கல்சுவர் வைத்த ஒரே ஒரு தோட்டம். பக்கத்துத் தோட்டத்துப் பழம் ஒன்றுகூட அதில் சேராதாம். மண் மாறினால் ருசி மாறும் என்று பிடிவாதமாக இருப்பார்களாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டாள். திருமங்கலத்துக்கு மேற்கே இம்மானுவேலின் பழைய சிநேகிதர் மலையாண்டிக்கு ஒரு திராட்சைப் பந்தல் உண்டு. ஓரத்தில் ஒற்றைப் பனை நிற்பதால் அந்த இடத்துக்கு ஒத்தப்பனைப் புஞ்சை என்று பெயர். பிரான்சில் ஒரு தோட்டத்தின் பெயர் பாட்டிலில் ஏறுமென்றால் ஒத்தப்பனை ஏன் ஏறக் கூடாது? அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸ் ஒயின் என்றால் சந்தையில் கிடைத்த திராட்சை, அதே எடைக்குச் சீனி, ஒரு கை கோதுமை, கிராம்பு, பட்டை, இருபத்தொரு நாள். ஆன்மேரி இதில் எதையும் சேர்க்கவில்லை. வெயில் ஏறுவதற்கு முன் பழம் பறித்து, அழுகலைக் கழித்து, காம்பைக் கிள்ளிப் போட்டுக் கையாலேயே பிசைவாள். தோலில் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் படலத்திலேயே ஈஸ்ட் இருக்கிறது, அதுவே நுரைக்க வைக்கும். மேலே மிதந்து வரும் தோலைக் காலையும் மாலையும் சாற்றுக்குள் அமுக்கிவிட வேண்டும், நிறமும் துவர்ப்பும் அதிலிருந்துதான் இறங்கும். பிறகு துணியில் கட்டிப் பிழிந்து, சீனிச்சத்து அடங்கிவிட்டதா என்று ஹைட்ரோமீட்டரில் பார்த்து, வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் வேறு ஜாடிக்கு மாற்றிக் குளுமையில் சும்மா விட வேண்டும். அந்தக் குளுமைக்குத்தான் வழியில்லை. மொட்டை மாடிச் சூட்டில் எட்டு வருஷமும் ஒயின் புளித்துக் காடியாகிப் போனது.

போன வருஷம் கணவரின் அண்ணன் தனிஸ்லாஸ் தல்லாகுளத்து வீட்டில் ஒரு ஸ்டோர் ரூம் தந்தார். வடக்குப் பார்த்த அறை, எப்போதும் சில்லென்று இருக்கும். தனிஸ்லாஸ் ஓய்வுபெற்ற சூப்பிரண்டு, கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையில் துணைத் தலைவர். செப்டம்பரில் நாலு பெரிய ஜாடிகள் அங்கே போயின. பள்ளி விட்டதும் பஸ் ஏறிப் போய், ஜாடிகளைச் சுற்றி ஈரச்சாக்கு மாற்றிவிட்டு வருவாள். நவம்பர் கடைசியில் எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். இனிப்பே இல்லை. துவர்ப்பும் கரிசல் மண்ணில் மழை விழுந்த வாசனையும்தான். டம்ளரின் அடியில் நின்ற கடைசிச் சொட்டையும் நான் விடவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் தனிஸ்லாஸ் மைக்கைப் பிடித்தார். "இந்த வருஷம் பேரவை ஆளுக எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் விருந்து நம்ம வீட்லதான். பிரெஞ்சு முறையில நானே போட்ட ஒயின், ஆளுக்கு ஒரு பாட்டில். ஆன்மேரியும் கூடமாட ஒத்தாசை பண்ணுச்சு."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஒன்பது வருஷ உழைப்பு கூடமாட ஒத்தாசையா? அவள் குனிந்த தலை நிமிரவில்லை. மறுநாள் போனால் ஸ்டோர் ரூமில் புதுப் பூட்டு. பாட்டிலில் ஒட்ட 'தனிஸ்லாஸ் ஸ்பெஷல்' என்று ஸ்டிக்கர் வேறு அச்சாகி வந்திருந்தது. மலையாண்டிக்குப் போன் போட்டாள். இனி வரும் காய் முழுவதும் தனக்கே என்று தனிஸ்லாஸ் பேசி முடித்திருந்தார். "எல்லாம் ஒரே வீடுதானேன்னு நெனச்சேன் தாயி" என்றார் மலையாண்டி. ஜாடியோடு தோட்டமும் போனது.

அந்த வாரம்தான் தனிஸ்லாஸின் மனைவி தெரசா ஆன்மேரிக்குப் போன் செய்தார். நாங்கள் லேபில் இருந்தோம், போன் ஸ்பீக்கரில் இருந்தது. வெள்ளந்தியான மனுஷி, ஒளிக்கத் தெரியாது. ஒயின் புளிப்பா இருக்கு, ஆளுக துப்பிருவாகன்னு ஜாடிக்கு ரெண்டு கிலோ சீனி கலக்கச் சொல்லிவிட்டாராம். கலக்கி, பாட்டிலில் ஊற்றி, மிஷின் வைத்து இரும்பு மூடியை இறுக்கியும் ஆயிற்றாம்.

ஆன்மேரி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒயினில் ஈஸ்ட் செத்துப் போகவில்லை, தின்ன ஒன்றுமில்லாமல் பட்டினி கிடந்தது. சீனியைக் கண்டால் விடுமா? தின்னும், காற்றைக் கக்கும். போக வழியில்லாத காற்று பாட்டிலை என்ன செய்யும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். மூடியைத் திறந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை போதும்.

அவள் வேறு வார்த்தை சொன்னாள். "எல்லாத்தையும் ஹால்ல இருக்கிற தேக்கு பீரோவுல அடுக்கிப் பூட்டிருங்கக்கா. விருந்து வரைக்கும் யாரும் கை வைக்க வேண்டாம். பிள்ளைக வேற ஓடியாடிக்கிட்டு இருக்கும்."

போனை வைத்ததும், உன் ஒயினும்தானே சேர்ந்து போகும் என்று கேட்டேன். "சீனி போட்டப்பவே அது போயிருச்சு டீச்சர்" என்றாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

கிறிஸ்துமஸ் மதியம் முப்பது பேர் பிரியாணிக்கு உட்கார்ந்தோம். தனிஸ்லாஸ் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட்டில் சுற்றி வந்தார். பிரெஞ்சுத் தோட்டம், கல்சுவர், மண் ருசி என்று ஆன்மேரி அவரிடம் சொன்னதையெல்லாம் அவளை வைத்துக்கொண்டே பேசினார். முதல் சத்தம் கேட்டபோது தெருவில் வெடி என்று நினைத்தார்கள். இரண்டாவது கேட்டது. மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்தே கேட்டன. பீரோ கதவுக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒழுகி மார்பிள் தரையில் ஓடியது. பாத்திரம் பாத்திரமாய்ச் சமையல் செய்த தெரசா வாயில் கை வைத்து நின்றார். தனிஸ்லாஸ் பதறிப்போய்க் கதவைத் திறந்தார். ஒரு பாட்டில் மூடியைத் துப்பிவிட்டு அவர் மீது தலையோடு கால் பீய்ச்சி அடித்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கவும் இல்லை.

நாற்பது பாட்டிலில் இருபத்தாறு போய்விட்டது. மிச்சத்தைத் தொட ஆளில்லை. நுரை சொட்ட நின்ற தனிஸ்லாஸ் சுற்றிலும் பார்த்துவிட்டு, கடைசியில் அவளிடம்தான் வந்தார். "ஏம்மா மேரி, என்னம்மா இது? ஏன் இப்படி ஆச்சு?"

ஆன்மேரி எழுந்து, மரியாதையாக முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு என்ன அத்தான் தெரியும்? நான் கூடமாட ஒத்தாசைக்கு வந்தவ."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அன்று அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. பேரவைத் தேர்தலில் அவர் மறுபடி நிற்கவும் இல்லை.

பழி முழுவதையும் தனிஸ்லாஸ் திராட்சையின் மேல் போட்டார். உன் புஞ்சைக் காயே ஆகாது, எனக்கு வேண்டாம் என்று மலையாண்டியிடம் சொல்லிவிட்டார். அடுத்த காய்ப்பை மலையாண்டி தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து பழங்காநத்தத்தில் இறக்கினார். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் வெயில் படாத அறை ஒன்றை நான் காலி செய்து கொடுத்தேன். இந்த வருஷம் ஒயின் காடியாகவில்லை.

நேற்று லேபிள் எழுதினாள். பள்ளியில் கெமிக்கல் பாட்டில்களுக்கு எழுதும் அதே குண்டுக் கையெழுத்தில், பெரிதாக 'ஒத்தப்பனைப் புஞ்சை', கீழே வருஷம். முதல் பாட்டில் மலையாண்டிக்கு. இரண்டாவது தல்லாகுளத்துக்கு என்று தனியாக எடுத்து வைத்தாள். அவருக்கு எதற்கு என்று கேட்டேன். அந்த ஒரு பாட்டிலில் மட்டும் அடியில் இன்னொரு வரி சேர்த்து எழுதி என் கையில் கொடுத்தாள்.

'சீனி சேர்க்க வேண்டாம்.'