பட்டை போடாத இருபதாவது டப்பா

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் வருவது வாசனைதான். சூடேறிய பிளாஸ்டிக்கும், உள்ளே அடைந்து கிடந்த தூசியும், மேலே போர்த்தியிருந்த அம்மாவின் பழைய சேலைத் துணியும் சேர்ந்து கிளப்பும் அந்த வாசனை கூடம் முழுக்கப் பரவிய பிறகே உள்ளிருக்கும் விசிறி முனக ஆரம்பிக்கும், பின்பக்கம் வயிறு தள்ளிய அந்தத் திரையருகே கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் எழுந்து நிற்கும், அதற்கும் பிறகு, ஆற அமர, படம் வரும். திருக்கோகர்ணத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், ஆயுத பூஜையில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் அந்தத் திரையில் ஓடியதெல்லாம் நிலக்கரி ரயில்தான். மற்ற பிள்ளைகள் வீட்டில் கார்ட்டூன் ஓடிற்று. எங்கள் வீட்டில் கரி ஓடிற்று.

அம்மா அதை ‘டப்பா’ என்பாள். அப்பா, இன்டர்நெட்டில் நாலு பக்கம் படித்துவிட்ட மிதப்பில், ‘வேகன்’ என்பார். இரண்டும் ஒன்றுதான்: நாலு சக்கரம், மேலே திறந்த ஓர் இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கதவு, கதவுக்கு ஒரு கொக்கி. சுரங்கத்துக்காரர்கள் தங்களுக்கென்று தனியாகத் தண்டவாளம் போட்டு, தனியாக இன்ஜினும் வைத்துக்கொண்டு, குழிவாயிலிலிருந்து கரி சலிக்கும் இடம் வரைக்கும் இழுத்துப் போன பெட்டிகள் அவை. எங்கள் ஜில்லாவில் சுரங்கமும் கிடையாது, நிலக்கரியும் கிடையாது. கரி என்றால் இஸ்திரி வண்டிக்காரர் வாங்குகிற அடுப்புக்கரிதான் எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், வாழ்நாளெல்லாம் பஸ்ஸிலேயே போய்வந்த ஒரு மனுஷர், ஒரு சுரங்க ரயிலை ஆணி ஆணியாகச் செய்தார் என்றால் அதற்குக் காரணம் ரயில் மேல் இருந்த ஆசை இல்லை.

அப்பாவுக்குப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கடை. காதுகுத்து, கல்யாணம், புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் நல்லது கெட்டது எது நடந்தாலும் முதலில் அவர் கம்ப்யூட்டரில்தான் நடக்கும். மாமன்மார் முகத்தை வரிசையாக ஒட்டுவது, நரையைக் கறுப்பாக்குவது, செத்தவர் படத்தில் காய்ந்துபோய் ஒட்டியிருக்கும் சந்தனம் குங்குமத்தைத் துடைத்து எடுப்பது, எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. கடைக்கு வந்த ஒரு காலேஜ் பையன் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றின் சிடியை மறந்துவிட்டுப் போக, அதைப் போட்டுப் பார்த்த அப்பா, உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் ஊர் ரயிலைத் தாங்களே வரைந்து அதற்குள் ஓடவிடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஒங்க ஊரு ரயிலு எப்புடி இருக்கும்?” என்பதுதான்.

அம்மா பிறந்தது கோதாவரிக் கரையோரத்துச் சுரங்க ஊர் ஒன்றில். அவளுடைய அப்பா இலுப்பூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்குப் போய், சுரங்க ரயிலில் ஃபிட்டர் வேலை பார்த்தவர். அம்மா கல்யாணமாகி இங்கே வந்த சில வருஷத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அப்புறம், பூமிக்கு அடியில் குடைந்தது போதாதென்று மேலேயிருந்தே தோண்ட ஆரம்பித்து, வேலைக்காரர் குடியிருப்பு, அம்மா படித்த பள்ளிக்கூடம், அம்மன் கோயில் என்று ஒன்று பாக்கியில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஊர் இருந்த இடத்தில் இப்போது பள்ளம்தான் இருக்கிறது.

இது போதாதா பெரியத்தைக்கு! அப்பாவின் அக்காவான பெரியத்தை, இலுப்பூரிலிருந்து மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து, காபியைக் குடித்து முடிப்பதற்குள் அம்மாவை ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைப்பாள். “எல்லாவளும் கோவிச்சுக்கிட்டா பொறந்த ஊருக்குப் போவாளுக. இவ எங்கிட்டுப் போவா? குழிக்குள்ளதான் எறங்கணும்” என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பாள். அம்மாவும் கூடவே சிரிப்பாள். சிரித்தபடியே அடுப்படிக்குப் போவாள், போனதும் பாத்திரம் உருளும். அப்பா அக்காவை ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு அப்போது ஆத்திரமாக வரும். ஆனால் அவர் வேறு மாதிரி பதில் சொல்லக் கிளம்பியிருந்தார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. பொங்கல் சீர் கொண்டுவரும் தாய்மாமா வந்து இறங்குவதற்குள், அண்ணனும் தங்கச்சியும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி அவர்கள் ஊர் ரயிலை ஓடவிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

கையில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. ஏதோ ஓர் ஆயுத பூஜையன்று எடுத்தது. பாவாடை சட்டையில் ஒன்பது வயது அம்மா, பின்னால் ஒரு டப்பா, டப்பாவில் வாழைக்கன்று, சாமந்தி மாலை. அம்மாவுக்குப் படத்தில் என்ன வயதோ அதே வயது எனக்கு என்பதால், அப்பா என்னைச் சுவரோரமாக நிறுத்தி, தலைக்குமேல் பென்சிலால் கோடு போட்டு, அதை வைத்து டப்பாவின் உயரத்தைக் கணக்குப் போட்டார். “நெளியாம நில்லு! நீ ஒரு இஞ்சு வளைஞ்சா அங்க வண்டியே சாஞ்சுரும்” என்று அதட்டுவார். என் உயரத்தை நம்பி ஒரு ரயில் நிற்கிறது என்ற பெருமையில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும், மற்ற நாட்களில் கடைக்குக் கிளம்புமுன் காலையிலும் வேலை நடக்கும். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே திரையைப் பார்த்து, “கொக்கி இங்கிட்டு இல்லைங்க, அங்கிட்டு” என்பாள். “துரு அம்புட்டுச் செவப்பா இருக்காது, காப்பித்தூள் மாதிரி” என்பாள். அவர் அழிப்பார், திரும்ப வரைவார். பாதியில் கரண்ட் போகும், காலையிலிருந்து வரைந்ததெல்லாம் போகும், அப்பா ஒரு நிமிஷம் இருண்ட திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, “சரி, அந்தக் கதவு எனக்கே புடிக்கல” என்று எழுந்து குளிக்கப் போவார். கொக்கி விழும் சத்தத்துக்கு எங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுப் பதிவு செய்தார்; கரி கொட்டும் சத்தத்துக்கு, மல்லாத்திப் போட்ட தகரத்தில் நான் படி படியாகப் புளியங்கொட்டையைக் கொட்டினேன். இருபது டப்பா. ஒன்றைச் செய்து இருபது தடவை ஒட்டியிருக்கலாம், விளையாட்டில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். “ஒரே மூஞ்சிய இருவது தரம் ஒட்டுனா அது பேனருடி, ரயில் இல்ல” என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர், தனி ஒடுக்கு, தனித் துரு என்று செய்தார். அந்தப் பொறுமை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

போட்டோவில் டப்பாவின் பக்கவாட்டில் குறுக்காக மூன்று வெள்ளைக் கோடுகள் இருந்தன, நடுக்கோட்டின்மேல் வட்டமாக ஒரு பொட்டு. எங்கள் ஊரில் யாரிடம் காட்டினாலும் என்ன சொல்வார்கள்? ஆயுத பூஜைக்குத் திருநீற்றுப் பட்டை போட்டுக் குங்குமம் வைத்திருக்கிறார்கள் என்பார்கள். எங்கள் தெருவில் கிரைண்டருக்கும் டவுன் பஸ்ஸுக்கும் தையல் மிஷினுக்கும் அன்றைக்கு அதுதானே அலங்காரம்! அம்மாவும், “ஆமா, பூசைக்கு எங்கப்பாதான் பட்டை போடுவாரு” என்று அடித்துச் சொன்னாள். தினசரி ஓடும் வண்டிக்குப் பூசைப் பட்டை எதற்கு என்று அப்பா, பேனர்க் கடைப் பழக்கத்தில், மாலையோடும் பொட்டோடும் சேர்த்து அந்த மூன்று கோடுகளையும் இருபது டப்பாவிலும் சுத்தமாகத் துடைத்துவிட்டார்.

மார்கழி பாதியில், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டட்டும் என்று இருபது டப்பாவையும் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து இன்டர்நெட்டில் ஏற்றினார். நாலாம் நாள், அதை எடுத்துத் தன் விளையாட்டில் ஓட்டிய யாரோ ஒருவரிடமிருந்து ஒரு படம் வந்தது: பனி கொட்டிக்கிடக்கிற ஏதோ ஓர் ஊர் ஸ்டேஷனில் எங்கள் டப்பாக்கள் வரிசையாக நின்றன. அப்பா அதைக் கலரில் பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்து, “ஆத்தி! எங்க ஊரு டப்பாவுக்குக் குளுருமே” என்றாள். அந்த மாதம் வந்த பெரியத்தைக்கும் காட்டினாள். பெரியத்தை கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டம்ளரை வைத்தாள். எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் அது பெரிய விஷயம்.

பொங்கலுக்கு முதல் நாள் திருச்சியிலிருந்து மாமா வந்தார், கரும்பும் மஞ்சள்கொத்தும் பித்தளைப் பானையுமாக. தன் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம், அந்தச் சுரங்கத் தண்டவாளம் பெரிய ரயில் பாதையோடு சேருகிற இடத்தில் கேட்டுக்காரராக இருந்தவர். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் அம்மாவை உட்காரவைத்து, அப்பா ரயிலை ஓடவிட்டார். கொக்கி விழுந்தது, புளியங்கொட்டை கொட்டியது, டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திரையைக் கடந்தன. மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம், அந்தப் பனிப் படத்தையும் எடுத்துக் கையில் கொடுத்தார். மாமா அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“மாப்ளே, கோவிச்சுக்காதீங்க. பட்டை எங்க?”

“பூசைப் பட்டைதானே மச்சான்? துடைச்சுட்டேன்.”

“பொட்டு நாங்க வச்சது மாப்ளே. பட்டை சுரங்கத்துல அடிச்ச பெயின்டு. மூணு பட்டை இருந்தா சுரங்கத்து வண்டின்னு அர்த்தம், கேட்டைத் தாண்டிப் பெரிய ரயிலு ஓடுற லயனுக்கு விடக்கூடாது. வருசா வருசம் அடிப்பாங்க. எங்கப்பாதான் பெயின்டு வாளியும் பிரஷ்ஷுமா அலைவாரு. இந்த வண்டி கேட்டைத் தாண்டுனதே கெடையாது, நீங்க என்னடான்னா பனிக்குள்ள கொண்டுபோய் நிப்பாட்டிட்டீங்க!”

அவர் தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அம்மா எழுந்து போய்விட்டாள். பாத்திரம் உருளும் என்று காத்திருந்தேன், உருளவில்லை. போய்ப் பார்த்தால், மறுநாளைக்கு நனைக்க எடுத்துவைத்த அரிசியில் கையை விட்டபடி நின்று அழுதுகொண்டிருந்தாள். பின்னாலேயே வந்த அப்பாவிடம், “அங்க யாருமே இல்ல, எதுவுமே இல்ல, நான் ஒருத்திதான் எல்லாத்தையும் நெனப்புல வச்சிருக்கேன்னு இருந்தேனேங்க. எங்கப்பா அடிச்ச பெயின்ட நானே பூசைப் பட்டைன்னு சொல்லித் துடைக்க விட்டுட்டேனே” என்றாள். அம்மா அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை, எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா ஆறுதல் சொல்லத் தெரியாதவர். நேரே கூடத்துக்கு வந்தார், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார், முதல் டப்பாவைத் திறந்தார், மூன்று பட்டை அடித்தார். கோடு நேராக வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கையால் அடித்த கோடு ஓரத்தில் கொஞ்சம் வழியும் என்று சொல்லி, வழியவிட்டார். பொங்கலன்று பானை பொங்கியபோது மட்டும் எழுந்து வந்து குலவைச் சத்தத்தோடு நின்றுவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்தார். மாமா பக்கத்தில் இருந்து, “இன்னும் கொஞ்சம் கீழ, மாப்ளே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். பத்தொன்பது முடிந்து அவர் கடைசி டப்பாவைத் திறந்தபோது, அவள் அவர் தோளைத் தொட்டாள்.

“இதுக்கு வேண்டாங்க.”

“தப்பா இருக்குமே?”

“இருக்கட்டும். இது நான். கேட்டைத் தாண்டி வந்துட்டேன்ல.”

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். மாமா எழுந்து வாசலுக்குப் போனார். அப்பா அந்த டப்பாவை அப்படியே மூடி, பட்டை போட்ட பத்தொன்பது வண்டியும் பட்டையே இல்லாத ஒரு வண்டியுமாகத் திரும்ப இன்டர்நெட்டில் ஏற்றினார். ஏன் ஒன்று மட்டும் அப்படி என்று அதன்பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவர் யாருக்கும் பதில் எழுதவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பழைய சாமான்காரரோடு போய்விட்டது. அந்த விளையாட்டு இப்போதைய எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாது, டப்பாக்களை ஏற்றிவைத்த இணையதளமும் இல்லை. பஸ் ஸ்டாண்டு கடையை விட்டாயிற்று. என் உயரத்துக்குக் கோடு போட்ட சுவரில் எத்தனை சுண்ணாம்பு ஏறியதோ தெரியாது. பெரியத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய கண்ணீர் அஞ்சலி பேனரை அப்பாதான் வரைந்தார், நரையைக் கறுப்பாக்காமல்.

போன மாதம் நான் ஊருக்கு வந்திருந்தபோது போனில் சும்மா தேடிக்கொண்டிருந்தேன். புது ரயில் விளையாட்டு ஒன்றில் எங்கள் டப்பாக்கள் நின்றன! யாரோ, எந்த நாட்டுக்காரரோ, அப்பா பெயரைப் போட்டு நன்றி சொல்லி, இருபதையும் இன்னும் துல்லியமாகத் திரும்பச் செய்து ஏற்றியிருந்தார். அதே ஒடுக்கு, அதே காப்பித்தூள் துரு, வழிந்த பட்டை. கீழே ஒரு குறிப்பு: இருபதாவது வண்டியில் விட்டுப்போயிருந்த மூன்று பட்டைகள் சேர்க்கப்பட்டு, பிழை சரிசெய்யப்பட்டது.

கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் படித்துக் காட்டியதும் மனுஷர் துள்ளிவிட்டார். “எவன்டா அவன்? எழுதுடி அவனுக்கு! அது பிழை இல்லைன்னு எழுது!” எனக்கும் அதே கோபம்தான், எழுதவே ஆரம்பித்துவிட்டேன். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கடைசி டப்பாவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“விடுங்க” என்றாள். “யாரோ பெத்த புள்ள, என்னையத் திரும்ப ஊருல கொண்டுபோய் விட்டிருக்கு.”

அப்பா அதற்கப்புறம் எழுதச் சொல்லவில்லை. நான் எழுதியதை அழித்தேன்.