உப்புப் பார்க்க வந்தவர்கள்

யோகா ஒரு மேசைக்குப் பின்னால் நின்றாள். மேசையில் ஒரு மின்னடுப்பு, அதன்மேல் ஒரு சட்டி மாட்டிறைச்சிக் கறி, பக்கத்தில் குட்டிக் குட்டிக் காகிதக் கிண்ணங்கள். சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில் இறைச்சிக்கடை வாசலில் அவள் இப்படி நிற்பது மூன்றாவது சனிக்கிழமை.

முந்திய இரண்டு சனிக்கிழமையும் நின்றதோடு சரி. வாசலுக்கு வருபவர்கள் அவளைக் கண்டதும் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்வார்கள். "ருசி பார்க்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லியிருந்தார்கள். யோகா வாயைத் திறந்து அந்தக் கேள்வியை வெளியே எடுப்பதற்குள் ஆள் பக்கத்துப் பேக்கரிக்குள் போய்விடும்.

இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவள் பிரவீணா. கோயம்புத்தூர்க்காரி. மேற்குச் சிட்னிக் கடைகளில் இந்த ருசி மேசைகளை நடத்துவது அவள் பொறுப்பு. அன்று காலையிலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா, மறைக்காம சொல்லிடறேன். இன்னைக்கும் விற்கலைன்னா இந்த மேசையை எடுத்துடுவாங்க."

"அப்ப நான்?"

"வேற கடை இப்போ காலி இல்லக்கா."

மேசை போனால் திரும்பவும் கோழித் தொழிற்சாலைதான். அந்தக் குளிரறையில் வருடக்கணக்காகக் கோழி வெட்டியவள் யோகா. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் சூடு தெரியாது. விரல்கள் அப்படி விறைத்துப் போயிருக்கும். வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு கிடைத்த வேலைகளில் வெயில் முகத்தில் படுகிற முதல் வேலை இதுதான்.

"இன்னொண்ணு. இன்னைக்கு ஒரு பண்ணைக்காரர் பார்க்க வர்றார்," என்றாள் பிரவீணா.

"அவருக்கு இஞ்ச என்ன வேலை?"

"அவங்க காசுதானேக்கா இது! ஒவ்வொரு மாடு விற்கும்போதும் விற்கிறவங்க மாட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு வரி கட்டறாங்க. எல்லாப் பண்ணைக்காரங்களும் சேர்ந்து போடற பொதுக் காசு. அதுல ஒரு பங்குலதான் டிவி விளம்பரம், சமையல் குறிப்பு அட்டை, உங்க அடுப்பு, நீங்க, நான் எல்லாமே."

"ஸ்டேக்கைத்தானே சனம் அள்ளிக்கொண்டு போகுது?"

"ஸ்டேக் தானா விற்கும். ஒரு மாட்டுல ஸ்டேக் எவ்வளவுதான் இருக்கும்? மிச்சத்தையும் ஜனங்க கேட்டு வாங்கணும். காலுச் சதையை எப்படிச் சமைக்கிறதுன்னே இங்க பாதிப் பேருக்குத் தெரியாது. அதைக் காட்டத்தான் இந்த மேசை."

அதற்காகத்தான் சமையல் குறிப்பு அட்டையிலிருந்த வைன் குழம்பை விட்டுவிட்டு, யோகாவின் வறுத்த தூளைப் போட்டு, கடையின் பின்பக்கக் குசினியில் விடியற்காலையிலிருந்து மெல்லிய சூட்டில் அவியவிட்டு எடுப்பதற்குப் பிரவீணா அனுமதி வாங்கியிருந்தாள். சதை நூல் நூலாகப் பிரியும். கராம்பும் பெருஞ்சீரகமும் கார்த் தரிப்பிடம் வரை மணக்கும். மணந்து என்ன, நிற்கத்தான் ஆளில்லை.

கடை திறந்து சற்று நேரத்தில் விஜயா அன்ரி வந்துவிட்டார். கோயில் அன்னதானத்தில் யோகாவோடு மரக்கறி வெட்டுகிறவர்.

"என்னடி பிள்ளை இது? கோயில்ல சாம்பார் கிண்டின கையோ இஞ்ச மாடு கிண்டுது?"

"வேலை அன்ரி."

"நல்ல வேலை! உன்ர மனுசன் அருந்தவனுக்குத் தெரியுமோ?"

"அவர்தான் காலமை கொண்டுவந்து இறக்கிவிட்டவர்."

அன்ரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு கோழி வாங்கக் கடைக்குள் போனார். சுருக்கிய மூக்கால் ஒருதரம் நன்றாக இழுத்து மணந்துவிட்டுத்தான் போனார் என்பதை யோகா கவனித்தாள்.

அப்போதுதான் அவளுக்குத் திக்கென்றது. கறிக்கு உப்புப் போட்டோமா?

எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பண்ணைக்காரர் வருகிற பதற்றத்தில் எல்லாம் கலைந்துவிட்டது. ருசி பார்த்துச் சமைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. கோயில் குசினியில் படைக்கும் முன் யாரும் நாக்கில் வைக்க மாட்டார்கள். வாசனையிலும் கைக்கணக்கிலும் சமைத்துப் பழகியவள். மாட்டிறைச்சியோ, அவள் பிறந்தது முதல் வாயில் வைத்ததே இல்லை. ஒவ்வொரு வாரமும் இறைச்சிக்கடைக்கார ரோனிதான் ஒரு கரண்டி வாயில் போட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். இன்றைக்கு அவர் சரக்கெடுக்கப் போய்விட்டார்.

"தங்கச்சி, ஓடி வாங்கோ. உப்பு ஒருக்காப் பாருங்கோ."

பிரவீணா இரண்டடி பின்னால் போனாள். "அக்கா, நான் சுத்த சைவம்!"

"மாடு விக்கிற நீங்களோ?"

"விற்கத்தான்க்கா செய்யறேன்!"

பண்ணைக்காரர் எந்த நேரமும் வரலாம். உப்பில்லாத கறியை அவர் வாயில் வைத்தால் அதோடு கதை முடிந்தது. யோகா வெட்கத்தை மறந்தாள். ஒரு கிண்ணத்தில் கறியை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வெளியே வந்து, தள்ளுவண்டியோடு போன ஒரு வெள்ளைக்காரக் கிழவரை மறித்தாள். உப்புப் பார்க்கச் சொல்ல அவளிடம் மூன்று ஆங்கிலச் சொற்கள்தான் இருந்தன.

"பிளீஸ், செக் சோல்ட்?"

கிழவர் நின்றார். கைபேசியைத் தேடவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, இறைச்சியை வாயில் போட்டு, கண்ணை மூடி, நீதிபதி மாதிரி மென்றார்.

"ஒரு சிட்டிகை போடலாம்," என்றார்.

"இவர் கடலுக்கே உப்புப் போடுகிற ஆள்," என்று அவர் மனைவி இன்னொரு கிண்ணத்தை எடுத்தாள். "கணக்காக இருக்கிறது. இவர் பேச்சைக் கேட்காதே."

இரண்டு பேரும் அங்கேயே வாதாடத் தொடங்கினார்கள். வாதத்தைக் கேட்டு ஒரு பஞ்சாபி லாரிக்காரர் நின்றார். அவர் சாப்பிட்டுப் பார்த்து உப்புச் சரி, உறைப்புத்தான் போதாது என்றார். பிலிப்பைன்ஸ் தாதி ஒருத்தி அவரை மறுத்தாள். தொப்பி போட்ட நெட்டையான ஒருவர் ஒரு கிண்ணம் எடுத்தார். தனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை என்று இரண்டாவதும் எடுத்தார். ருசி பார்க்கிறீர்களா என்று கேட்டால் ஓடுகிற சனம், உதவி என்று கேட்டதும் ஓட மனமில்லாமல் சுற்றி நின்றது.

"இது எந்தத் துண்டு?" என்று கிழவரின் மனைவி கேட்டாள்.

"ஷின்," என்று யோகா கண்ணாடிப் பெட்டியிலிருந்த கால்சதையைக் காட்டினாள். "ஸ்லோ… ஸ்லோ… குக்."

ரோனி திரும்பி வந்தபோது கடைப் பையன் விற்றுத் தீர்த்ததில் கால்சதைத் தட்டு வெறுமையாக இருந்தது. இன்னும் வெட்டித் தரச் சொல்லி வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கத்தியை எடுத்தார்.

நெட்டை மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பிரவீணாவிடம் வந்து கை கொடுத்தார். அவர்தான் பண்ணைக்காரர். பெயர் ரொஸ்.

"இந்த உப்புத் தந்திரத்தை யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார்.

பிரவீணா மொழிபெயர்த்தாள். யோகா இல்லையென்று தலையை ஆட்டினாள். "தந்திரமில்லை. எனக்கு உண்மையாத் தெரியாது. நான் மாடு சாப்பிடுறேல்ல."

ரொஸ் பிரவீணாவைப் பார்த்தார்.

"நானும் சைவம்," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் பேக்கரிக்குள்ளிருந்தவர்கள் வெளியே எட்டிப் பார்த்தார்கள். "வீட்டில் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார்கள்," என்று கண்ணைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் மாடுகளுக்காகக் கட்டிய வரி எங்கே போகிறது என்று வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்ததாகவும், இன்றுதான் அதைத் தன் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். குளிர்காலம் முடியும்வரை இந்த மேசை இங்கேயே நிற்க வேண்டும் என்று பிரவீணாவின் மேலாளரைக் கூப்பிட்டுச் சொல்ல, கைபேசியை எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்தார்.

பிரவீணா யோகாவின் கையுறைக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அக்கா, ஜெயிச்சிட்டீங்க! இனிமே எல்லாக் கடையிலயும் இப்படித்தான் கேட்கச் சொல்லப்போறேன்."

யோகாவின் விரல்களுக்குச் சட்டியின் சூடு நன்றாகத் தெரிந்தது. இனி அந்தக் குளிரறை இல்லை. அவள் நிமிர்ந்து, பேக்கரி வாசல் வரை கேட்கும் குரலில், "பிளீஸ், செக் சோல்ட்!" என்றாள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சேலைத் தலைப்பு அசைந்தது. விஜயா அன்ரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மேசைக்குக் கிட்ட வந்தார்.

"எங்கட வீட்டில ஒருத்தரும் தொடுறேல்ல, உனக்குத் தெரியும்தானே?"

"ஓம் அன்ரி."

"இவ்வளவு சனமும் ஆளுக்கொரு கதை சொல்லுது. ஒருத்தருக்கும் ஒழுங்கா உப்புப் பாக்கத் தெரியேல்ல." அன்ரி கையை நீட்டினார். "இஞ்ச தா. உப்புப் பாக்கிறது சாப்பிடுறது இல்லைத்தானே?"

யோகா ஒரு கிண்ணத்தை எடுத்தாள். கொஞ்சம் பெரிய துண்டாகப் பார்த்து வைத்துக் கொடுத்தாள்.