சிவப்பு மூன்று நிமிடம்

"உப்பு கொஞ்சம் தூக்…" என்றவர் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொண்டார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சுவரிலிருந்த பித்தளைக் கடிகாரத்தில் பெரிய முள் பதினைந்தாம் நிமிடத்தில் இருந்தது. அது பதினெட்டைத் தொட்டதும், "…கலா இருக்கு" என்று மிச்சத்தையும் சொல்லிவிட்டு, மனைவிக்கு வைத்த சூப்பை இறக்கினார்.

இருபத்தாறு வருடம் கப்பலில் ஒயர்லெஸ்காரராக இருந்தவர். கடிகாரமும் கப்பலில் இருந்ததுதான். அதன் முகத்தில் கால் மணியிலும் முக்கால் மணியிலுமாக இரண்டு இடங்களில் சிவப்பு பூசியிருக்கும். முள் அந்தச் சிவப்புக்குள் நுழைந்தால், கடலிலுள்ள அத்தனை கப்பலும் மூன்று நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டும். அந்தக் காலத்துச் சட்டம் அது. எங்கேயோ மூழ்குகிறவனுடைய ஈனக்குரல் மற்றவர்கள் கூச்சலில் அமுங்கிவிடக் கூடாது, இல்லையா? சட்டமும் போயிற்று, கப்பலும் போயிற்று. இவர் மட்டும் விடவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில்கூடப் பத்தேகாலுக்கு இவர் குரல் மட்டும் அறுந்துபோகும் என்று, கடைசி வரிசையில் தள்ளிவிட்டார்கள். கிறுக்கு என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கரைக்கு வந்த நாளிலிருந்து பத்திரிகைக்கு விண்வெளிக் கதை எழுதுகிறார். ராக்கெட் இருக்கும், வேற்றுக் கிரகம் இருக்கும். வானம் மட்டும் எந்தக் கதையிலும் பேசியதில்லை. "அங்க ஆள் இல்லாம இல்ல. எல்லாரும் வாயை மூடிட்டு நம்ம குரலுக்குக் காது குடுக்கறாங்க," என்பார். கர்த்தர் விஷயத்திலும் அவர் கட்சி அதுதான். "சிலுவையில தொங்கினவர் கூப்பிட்டப்பவே மேலேருந்து சத்தம் வரல. அதுக்காக யாரும் கேக்கலன்னு ஆயிடுமா?"

இவர் வீட்டம்மாளுக்கு வாய் எட்டு ஊர் போகும். முள் எப்போது சிவப்புக்குள் வரும் என்று காத்திருப்பார். "வந்துடுச்சு! இப்பப் பேசுங்க பாப்போம்? ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டது யாரு? பல் டாக்டர்கிட்டப் போகச் சொல்லி எத்தன மாசம் ஆச்சு?" ஒரு வாரத்துப் புகாரை மூன்று நிமிடத்தில் கொட்டிவிடுவார். பதில் பேச முடியாமல் இவர் தோள் குலுங்கச் சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் அந்தம்மாளுக்குத்தான் படித்துக் காட்டுவார். அவர் "ம்" கொட்டிய பிறகுதான் இவர் உறையை ஒட்டுவார்.

பதினோரு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அந்த வாயைக் கட்டிப்போட்டது. கண் திறந்திருக்கிறது. உள்ளே என்ன போய்ச் சேருகிறது என்று மருத்துவருக்கே தெரியவில்லை. அதன் பிறகு போன அத்தியாயமெல்லாம் மகள் ஒட்டி அனுப்பியதுதான்.

இப்போதைய தொடரில், உடைந்த விண்கலத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண் பூமியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். கடைசி அத்தியாயம் பாக்கி. பத்திரிகை ஆசிரியர் போனில் கெஞ்சினார். "சார், வாசகர்கள் அழுறாங்க. வானத்துலேருந்து ஒரு குரல் வரட்டும் சார். வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வரலன்னா, வேற ஆளை வெச்சு முடிச்சிடுவேன்."

மகளும் சேர்ந்துகொண்டாள். "ரெண்டே வரிப்பா. 'மகளே, கேட்டுட்டுதான் இருக்கேன்'னு எழுதிட்டுப் போங்களேன். கதைதானே?"

"கதைதான். அதுக்காகப் பொய் சொல்லலாமா?"

"அப்ப அம்மா விஷயத்துல? சிவப்பு மூணு நிமிஷம்தானேப்பா. உங்க கர்த்தர் பதினோரு மாசமாவா காது குடுத்துட்டு இருக்காரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எழுதிப் பாத்தேன்மா," என்றார். "நாலு தடவை. நாலு தடவையும் அது என் குரலாவே இருந்துச்சு. கிழிச்சுட்டேன்."

மகள் அப்பாவின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அத்தியாயம் முடிந்தது. குரல் வரவில்லை. அந்தப் பெண் இருக்கையை விட்டு எழுந்திருக்கவுமில்லை. அவ்வளவுதான் முடிவு. உறையில் முகவரி எழுதிக் கட்டில் மேல் வைத்துவிட்டு, மனைவிக்குப் படிக்க உட்கார்ந்தார். இந்த உறையை யாரும் தொடக் கூடாது என்றார். பத்திக்குப் பத்தி நிறுத்தினார், ஒரு "ம்"முக்கு இடம் விட்டு. வராத "ம்"மைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போனார். கடைசிப் பக்கத்தில் ஒரு சொல் பாதியில் நின்றது. மூன்றே முக்கால்.

தாளை மடியில் வைத்தார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, குனிந்து, இடக் காதை மனைவியின் உதட்டருகில் வைத்தார். வசவு கேட்ட இடத்தில் மூச்சு மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.

வாசற்படியில் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். "அப்பா, நாலு மணிக்குத் தபால் எடுத்துடுவாங்க," என்றாள் மெதுவாக.

முள் சிவப்பைத் தாண்டி வெள்ளைக்கு வந்தது. நாற்பத்தொன்பது. ஐம்பது. உறை வாய் திறந்தபடியே கிடந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.