பத்தாவது வீட்டுக் காபி

லூசியெனிக்குக் கடைவாய்ப் பல் ஒன்று கிடையாது. சிரித்தால் தெரியாது, கொட்டாவி விட்டால் தெரியும். அந்தப் பல்லைத் தின்றது சர்க்கரை இல்லை, ஆபீஸ் காலண்டர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். பெலோ ஒரிசோன்டே நகரத்தில் ஒரு சுரங்கக் கம்பெனி. ஆள் எடுக்கும் துறைக்கு அவள் தலைமை, நான் அவளுக்குச் செயலாளர். பல் டாக்டரிடம் நேரம் வாங்கிக் காலண்டரில் நான்தான் போடுவேன். மேலதிகாரி அதைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு மீட்டிங்கை வைப்பார். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் தூக்கினார். நாலாவது தடவை போனபோது, இனி அடைக்க ஒன்றுமில்லை, பிடுங்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிடுங்கிய மறுநாள் வாயில் பஞ்சோடு வந்து ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தாள். பத்தொன்பது வருட வேலை.

"ஒரு பல்லுக்காகவாடீ வேலைய விடுற?" என்று கேட்டேன்.

"பல்லு என்னோடது மார்லி. அத எப்ப டாக்டர்கிட்ட காட்டணும்னு அவரு முடிவு பண்றாரு. போதும்."

பஞ்சு இருந்ததால் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை நானே புரிந்துகொண்டு, அடுத்த மாதம் அவள் பின்னாலேயே கிளம்பினேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

வயதானவர்களுக்கு வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்று சாவோ பாவ்லோவில் இருக்கிறது. அதன் பெயரில் கிளை நடத்தும் ஃபிரான்சைஸ் உரிமையை லூசியெனி தன் சொந்த ஊரான இத்தாவுனாவுக்கு எடுத்தாள். பழைய கம்பெனி கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணம் மொத்தமும் அதில் போனது. நிபந்தனை ஒன்றுதான்: ஒரு வருடத்துக்குள் பத்து குடும்பம் சேர வேண்டும். சேராவிட்டால் ஊரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் கவலைப்படவில்லை. காலையில் வீடுகளுக்குப் போவாள், செவ்வாயும் வியாழனும் மத்தியானம் நீச்சல் குளத்துக்குப் போவாள். அந்த இரண்டு மத்தியானத்தையும் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி, தொட்டால் கையை ஒடிப்பேன் என்று என்னை மிரட்டி வைத்திருந்தாள்.

ஆள் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வேலை கேட்டு வருகிற பெண்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "கடைசியா யாரோட சண்ட போட்ட?" யாரோடும் இல்லை என்று சொன்னவளை எடுக்க மாட்டாள். அப்படிப் பொறுக்கி எடுத்த பெண்களால்தான் பதினோராம் மாதத்துக்குள் ஒன்பது குடும்பம் சேர்ந்தது. பத்தாவதுதான் சிக்கவில்லை. கெடுவுக்கு இன்னும் ஒரே வாரம்.

அப்போதுதான் தெல்மா என்று ஒருத்தி பெலோ ஒரிசோன்டேவிலிருந்து போன் செய்தாள். அவள் அப்பா ஒலிம்பியோ, எண்பத்திரண்டு வயது, ஐம்பது வருடம் எங்கள் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். அப்பா சம்மதித்தால் ஆள் வைப்பேன், இல்லாவிட்டால் பதினோராவது மாடியில் என்னோடு கொண்டுவந்து வைத்துக்கொள்வேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை போனோம். நிறுவனத்தின் கையேடு சொன்னபடியே எல்லாம் செய்தோம். சீருடை போட்டோம், வாசல் மணியை அடித்தோம், டேப்லெட்டைத் திறந்து நாற்பத்தாறு கேள்வி கேட்டோம். வாடிக்கையாளர் வீட்டில் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்பது ஏழாவது விதி.

"காபி போடுறேன்" என்று ஒலிம்பியோ எழுந்தார்.

"வேண்டாம் ஐயா, பரவாயில்ல" என்றாள் லூசியெனி.

எங்கள் மினாஸ் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவள் பேசுகிற பேச்சா இது? எங்கள் பக்கத்தில் காபியை வேண்டாம் என்பது, உங்கள் வீட்டுக்கு நான் வரவே இல்லை என்று சொல்வதற்குச் சமம். அவர் மெல்ல உட்கார்ந்தார். நாற்பத்தாறு கேள்விக்கும் ஒரே பதில்: "பிரச்சினை இல்ல." கிளம்பும்போது "பார்க்கலாம்மா" என்றார். எங்கள் ஊரில் 'பார்க்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம்.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "பத்தொம்போது வருஷம் ஏசி ரூம்ல உக்காந்து உனக்கு மூளையும் உறைஞ்சு போச்சா? காபிய வேண்டாங்கிறியே, நீ எந்த ஊர்க்காரி?"

"தப்புதான். புதன்கிழமை மறுபடி போவோம். டேப்லெட் வேண்டாம். சமையலறைக் கதவு வழியா."

புதன்கிழமை இன்னொரு தலைவலி வந்து சேர்ந்தது. சாவோ பாவ்லோவிலிருந்து மிரெல்லா என்று மேற்பார்வையாளர் வந்தாள், வருடாந்திரச் சோதனைக்கு. விதிமீறல் இருந்தால் எழுத ஒரு தாள், கூடவே வந்து பார்க்க இரண்டு கண். மூவருமாகப் போனோம்.

பின்பக்கம் கொய்யா மரத்தைச் சுற்றிப் போய், சமையலறைக் கதவில் நின்று, "ஒலிம்பியோ ஐயா, காபி இருக்கா?" என்று லூசியெனி குரல் கொடுத்தாள். கிழவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இருக்கான்னு கேக்குற வீடா இது? வா, வா. எனக்கு டாக்டர் காலைல ஒரு கப்போட நிறுத்திட்டாரு. உங்களுக்குப் போடுறேன்."

நாங்கள் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பைப் பற்றவைக்க மூன்று குச்சி பிடித்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி தண்ணீரிலேயே, சர்க்கரைக்கு ஒரு டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி போட்டார். காபித்தூள் போட்ட துணி வடிகட்டியில் ஊற்றி இறக்கினார். கப்பில் ஊற்றும்போது உள்ளே ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டார். காபி விரலைத் தொட்டதும் நிறுத்தினார். அந்த விரல் நுனி முழுக்கப் பழைய கொப்புளத் தழும்பு.

மிரெல்லா விதியைச் சொல்லி வேண்டாம் என்றுவிட்டாள். நான் ஒரு வாய் குடித்தேன். கடல் தண்ணீர். "ஐயா, இது" என்று ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் லூசியெனி விட்ட உதையில் என் கணுக்கால் மூன்று நாள் நீலமாக இருந்தது.

அவள் கப்பை நிதானமாக முழுக்கக் குடித்தாள். "இன்னொரு கப் கிடைக்குமா ஐயா?" என்றாள். அவர் ஊற்றுகிற நேரத்தில் எழுந்து, அவர் மூடாமல் விட்டிருந்த அடுப்புத் திருகை மூடினாள். மிரெல்லா தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் லூசியெனியைத் தனியாக இழுத்தேன். "அவருக்குக் கண்ணு தெரியல. தெல்மாவுக்கு ஒரு போன் போடு. அப்பாவக் கூட்டிட்டுப் போற வரைக்குமாவது ஆள் வைப்பா, இன்னிக்கே கையெழுத்தாகும். பத்தாயிடும்."

"மாட்டேன்."

"ஊரே கைய விட்டுப் போயிடும்டீ."

"போனா போகட்டும். இத எப்ப சொல்லணும்னு அவரு முடிவு பண்ணட்டும், மார்லி."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவளை நம்பி நானும் அல்லவா வேலையை விட்டேன்? வியாழக்கிழமை மத்தியானம் அவள் நீச்சலுக்குப் போகவில்லை. சிவப்பு மையில் எழுதியிருந்ததை அவளே கோடு போட்டு அடித்துவிட்டு, ஒரு பொட்டலம் சீஸ் உருண்டை வாங்கிக்கொண்டு கொய்யா மரத்துப் பக்கம் போனாள். அடுப்பைப் பார்த்துவிட்டு வரத்தான் போனாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என் கோபம் பாதி இறங்கியது.

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். காலையில் மிரெல்லா விதிமீறல் தாளை நீட்டினாள்: வாடிக்கையாளர் வீட்டில் பானம் அருந்தியது, இரண்டு கப். லூசியெனி பேனாவை எடுத்தபோது போன் அடித்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"நீங்க போனப்புறம் மிச்சக் காபிய ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன்" என்றார் ஒலிம்பியோ. "ஐம்பது வருஷம் மருந்த கிராம் கணக்குல நிறுத்துக் குடுத்தவன் நான். உப்பப் போட்டிருக்கேன். நேத்து வந்தியே, அப்பவே கேட்டிருப்பேன். வாய் வரல."

"ஆமா ஐயா."

"ரெண்டாவது கப்பு ஏம்மா கேட்ட?"

"நீங்க எப்படி ஊத்துறீங்கன்னு இன்னொரு தடவ பார்க்கணும்னுதான்."

"தெல்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. கண்ணு உங்களோடது."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஞாயித்துக்கிழம சாப்பிட வர்றா. நானே சொல்லிக்கிறேன். திங்கக்கிழமையிலிருந்து ஒருத்திய அனுப்பு. சண்ட போடத் தெரிஞ்சவளா இருக்கட்டும், தெல்மாவ சமாளிக்கணும். ஒப்பந்தத் தாள எடுத்துக்கிட்டு இப்பவே வா."

மிரெல்லா தன் தாளைப் பார்த்தாள். "இத கிழிச்சிடட்டுமா?"

"எதுக்கு? குடிச்சது நிஜம்தானே" என்று லூசியெனி கையெழுத்துப் போட்டாள். "உப்புக் காபின்னும் சேர்த்து எழுதிக்கோ. கையேட்ட திருத்துறப்ப உதவும்."

மூவருமாகப் போய் ஒலிம்பியோவின் சமையலறை மேஜையில் ஒப்பந்தத்தை விரித்தோம். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காகிதத்தின் மேல் குனிந்தார், நிமிர்ந்தார். எங்கள் மூவரையும் பார்ப்பது போலத் திரும்பினார்.

"எங்க போடணும்னு தெரியல" என்று வாய்விட்டுச் சொன்னார். யாரிடமும் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

லூசியெனி அவருடைய தழும்பு விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள்.