வலது பக்க வரிசை

பைகளைச் சோதிக்கும் வேலையை மஜெல்லா ஸ்கல்லியன் விட்டு இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது அவள் கண் முதலில் போவது வருகிறவர்களின் கைப்பை மீதுதான். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடை வாசல்களில் குண்டுச் சோதனை நின்றுபோன பிறகும் எந்தக் கதவைக் கண்டாலும் பையைத் திறந்து நீட்டிவிடுவார்கள். லண்டனில் மகள் வீட்டுக்குப் போன ஒருத்தி அங்கே ஒரு பெரிய கடை வாசலில் பையைத் திறந்து காட்டி, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றாளாம். காவலாளி பயந்து இரண்டடி பின்னால் போனானாம்.

"மூடுங்க அக்கா, மூடுங்க. நான் டிக்கெட்தான் கேட்டேன்" என்பாள் மஜெல்லா.

அவளுடைய இருபத்தைந்தாவது வயதில், நகரத்தின் நடுவே இருந்த ஒரு துணிக்கடையின் வாசலில் அவளும் இசபெல் ஹாஸ்லெட்டும் சோதனைக்காரிகள். கதவின் இடது பக்க வரிசை இசபெலுக்கு, வலது பக்க வரிசை மஜெல்லாவுக்கு. இசபெல் ஷாங்கில் ரோட்டுப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட். மஜெல்லா நியூ லாட்ஜ் கத்தோலிக்கப் பெண். இரு தரப்பும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த காலம்; வேறு எந்த வேலையிலும் அந்த இருவரும் ஒரு டீ பாத்திரத்தைப் பகிர்ந்திருக்க மாட்டார்கள். இசபெல் யாரையும் விடமாட்டாள். சொந்த மாமியாரின் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருக்கிறாள். தினமும் காலையில் மஜெல்லாவின் பையையும் சோதிப்பாள்.

"ஏய், நேத்து சாயங்காலம் வரைக்கும் உன் பக்கத்துலதானடி நின்னேன்?"

"நேத்து நின்னே. ராத்திரி நீ எங்க நின்னேன்னு எனக்கு எப்படித் தெரியும்? கையத் தூக்குடி."

எழுபத்தைந்தாம் வருடம் நவம்பரில் அந்தக் கடையில் குண்டு வெடித்தது. போனில் எச்சரிக்கை வந்து எல்லோரையும் வெளியேற்றிய பிறகு, உடை மாற்றும் அறையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க இசபெல் திரும்பிப் போனாள். சொன்ன நேரத்துக்கு எட்டு நிமிடம் முன்னாலேயே வெடித்துவிட்டது. செத்தது அவள் ஒருத்திதான். அவள் மகள் லோர்னாவுக்கு அப்போது ஐந்து வயது.

குண்டு எப்படி உள்ளே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆறு மாதத்துக்குள் ஷாங்கில் ரோட்டில் ஒரு கதை உலவியது. இசபெலுக்கு யாரோ ஒருவன் மீது கண்ணாம், அவன் சிரித்துப் பேசியதில் மயங்கிப் பையைப் பார்க்காமல் விட்டுவிட்டாளாம். செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள்?

மஜெல்லா அதன்பின் சலவைக்கடையில் வேலை பார்த்தாள், பிறகு தியேட்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லோர்னாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு, தன் ஆட்கள் யாரும் காலெடுத்து வைக்காத அந்தத் தெருவுக்குள் போய் வந்தாள். வளர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் லோர்னாவே அவள் வீட்டுக்கு வந்து ரொட்டியும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுப் போவாள். மஜெல்லாவுக்கு உறவு என்று இருந்தது அந்த ஒரு பெண்தான்.

அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை மதியம் புதுப் படம் ஒன்றைப் பொதுமக்களுக்கு முன்கூட்டியே இலவசமாகக் காட்டினார்கள். அயர்லாந்துச் சண்டையைப் பற்றிய பரபரப்புப் படம். படக் கம்பெனியின் சார்பில் லண்டனிலிருந்து பியர்ஸ் என்றொரு இளைஞன் கத்தை கத்தையாகக் கருத்து அட்டைகளோடும் சின்னச் சின்னப் பென்சில்களோடும் வந்திருந்தான். பார்த்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். மஜெல்லாவுக்குக் கிடைத்த இரண்டு இலவச டிக்கெட்டில் ஒன்றை லோர்னாவிடம் கொடுத்தாள். படத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

முதல் அரைமணி நேரம் தியேட்டர் சிரித்துச் சிரித்துத் துவண்டது. படத்தில் பெல்ஃபாஸ்ட் என்று காட்டிய ஊரில் மலையே இல்லை.

"அடப்பாவிகளா, கேவ் ஹில்லை எவன்டா தூக்கிட்டுப் போனான்?" என்றது ஒரு குரல்.

"அடகு வெச்சிருப்பாங்க!"

கதாநாயகன் ஷாங்கில் ரோட்டில் ஓட ஆரம்பித்து ஒரு மூலை திரும்பியதும் மைல் கணக்கில் தள்ளியிருக்கும் கடற்கரையில் நின்றான். "எனக்கும் அந்தக் குறுக்கு வழியக் காட்டுங்கப்பா" என்றாள் முன்வரிசைக் கிழவி ஒருத்தி. அவன் வாயைத் திறந்ததும் இன்னும் மோசம். "இவன் பேசறது எந்த ஊருப் பேச்சு?" "அமெரிக்காவுல ஏறி, பாதி வழியில கடல்ல விழுந்த பேச்சு!" இடைவழியில் நின்றுகொண்டிருந்த மஜெல்லாவும் சிரித்தாள். பின்னால் பியர்ஸ் ஒரு நோட்டில் ஒவ்வொரு சிரிப்பையும் கோடு போட்டுக் குறித்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் கடை வாசல் வந்தது.

வாசலில் ஒரு சோதனைக்காரி. தடித்த உடம்பு, வாய் நிறைய உதட்டுச் சாயம், மெல்லுகிற பபிள்கம். அழகான கொலைகாரன் தோளில் பையோடு வருகிறான். அவள் பைக்குள் கைவிடப் போகும்போது அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கிறான். அவள் நெளிகிறாள், இளிக்கிறாள், போ போ என்று இடுப்பால் ஒரு இடி இடித்து உள்ளே அனுப்புகிறாள். ஏற்கெனவே சிரிப்பில் இருந்த தியேட்டர் அதற்கும் சிரித்தது. யாரோ ஒருவன் விசிலடித்தான். "எனக்கும் ஒரு சோதனை போடு கண்ணு!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். அதற்கும் சிரிப்பு.

மஜெல்லாவின் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. படம் எடுத்தவனுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். சிரிக்கிறவர்களுக்கு என்ன? இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பதினைந்து வருடமாவது அந்த வாசல்களில் கைதூக்கி நின்றவர்கள்தானே? அந்தப் பெண்களின் கை பட்டுத்தானே உயிரோடு இங்கே உட்கார்ந்து சோளப்பொரி தின்கிறார்கள்?

பிறகு குண்டு வெடித்தது. மெதுவாக, மிக மெதுவாக, வயலின் இசையோடு. ஒரு சிவப்புச் செருப்பு காற்றில் சுழன்று சுழன்று இறங்கியது. எழுபத்தைந்தில் மஜெல்லா கண்டது வேறு. தெரு முழுக்கக் கடைகளின் எச்சரிக்கை மணிகள் ஒன்றாக அலறின, பக்கத்தில் இருந்தவள் பேசியதுகூடக் கேட்கவில்லை. புழுதியில் ஒரு தீயணைப்புக்காரன் எதையோ போர்வையால் மூடிச் சிலுவைக்குறி போட்டான். அது துணிக்கடைப் பொம்மை. இசபெல் அதற்கு நாலு கஜம் தள்ளிக் கிடந்தாள், அவளை மூட யாரும் இன்னும் வரவில்லை.

ஏழெட்டுப் பேர் எழுந்து வெளியே போனார்கள். லோர்னா கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு போட்டதும் அட்டைகளைச் சேகரித்தது மஜெல்லாதான். உங்களை மிகவும் கவர்ந்த காட்சி எது என்ற கேள்விக்கு அட்டைக்கு அட்டை ஒரே பதில்: கடை வாசல். ஒருத்தர் அதன் பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றும் வரைந்திருந்தார்.

"அருமை! நாற்பத்தோரு இடத்துல சிரிச்சிருக்காங்க!" என்றான் பியர்ஸ். "எந்திரிச்சுப் போனவங்களும் நல்லதுதான் மேடம். பெல்ஃபாஸ்ட்ல தாங்க முடியாம எந்திரிச்சுப் போனாங்கன்னு விளம்பரத்துல போடலாம். உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"வாந்தி வந்துச்சு."

"ஓ, அந்த ரத்தக் காட்சி கொஞ்சம்..."

"ரத்தம் இல்ல தம்பி. நீங்க."

அட்டைகளை அவன் கையில் திணித்துவிட்டு அவள் முன்கூடத்துக்கு வந்தாள். லோர்னா கோட்டைப் போட்டுக்கொண்டு பட விளம்பரக் கண்ணாடிச் சட்டங்களுக்கு அருகே நின்றிருந்தாள். அழவில்லை. முகம் வெளிறி, உதடு மட்டும் ஒட்டிப்போயிருந்தது.

"மஜெல்லா ஆன்ட்டி, ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லணும்."

"கேளு கண்ணு."

"ஸ்கூல்ல இதே கதையச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் பண்ணாங்க. நான் நம்பல. இப்ப முந்நூறு பேரு அதே கதைக்குச் சிரிக்கறாங்க. அம்மா அப்படித்தானா? அதனாலதான் நீ ஒரு நாளும் அதப்பத்திப் பேசறதில்லையா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். லோர்னா பாதி நம்புவாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். எல்லாம் முன்போலவே போகும். இருபத்திரண்டு வருடமாக மஜெல்லா அந்தப் பாதி நம்பிக்கையில்தான் கேக் சுட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அந்தக் கூட்டத்தின் மீது வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. அது இப்போது யார் மேல் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உங்கம்மா இல்ல. அந்தப் பை என் பக்கம் வந்துச்சு."

"என்ன சொல்ற?"

"எங்க தெருக்காரி. நாலு வீடு தள்ளி. அதுக்கு முந்தின வாரம் அவ பையத் திறந்தேன். அடகுக்கடைக்குக் கொண்டுபோற பழைய துணி, அவ உள்பாவாடை எல்லாம் மேலயே இருந்துச்சு. பின்னால நின்னவங்க பாத்துட்டாங்க. அவ போயி, மஜெல்லா என் மானத்த நடுரோட்டுல விரிச்சுட்டான்னு வீடு வீடாச் சொல்லி அழுதா. எங்கம்மாவே என்னைத் திட்டுனாங்க, சொந்த ஜனத்தப் போயி இப்படிப் பண்ணுவியான்னு. அடுத்த வாரம், குண்டு வெடிச்ச அன்னைக்கு, அவ திரும்ப வந்தா. மேல கம்பளி நூல் உருண்டை. நான் நூல மட்டும் அமுக்கிப் பாத்துட்டு விட்டுட்டேன். வெக்கமா இருந்துச்சு லோர்னா. அவ்வளவுதான். வெறும் வெக்கம்."

"அவ எங்க இப்ப?"

"பதினஞ்சு நாள்ல எல்லை தாண்டிப் போயிட்டா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவளுக்குத் தெரிஞ்சே கொண்டுவந்தாளா, மிரட்டிக் குடுத்தாங்களான்னு தெரியாது. உங்கம்மாவா இருந்தா அந்தப் பைய அடி வரைக்கும் கொட்டியிருப்பா."

லோர்னா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அழுகின முட்டையை உடைத்துவிட்டவள் போல் முகம் சுருங்கியது.

"எல்லாப் பிறந்தநாளும் கேக்," என்றாள். "நான் தின்னேன். விரல நக்கிக்கிட்டுத் தின்னேன்." கையால் வாயை அழுத்தித் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "கோட்ட எடு. அப்பாகிட்ட நீயே வந்து சொல்லு."

அடுத்த காட்சிக்கு வரிசை நின்றிருந்தது. மஜெல்லா டிக்கெட் பெட்டியைக் கவுண்டர்ப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். பஸ்ஸில் லோர்னா வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

லோர்னாவின் அப்பா நார்மன் ஹாஸ்லெட் சமையலறையில் முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மஜெல்லா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் தட்டில் மஞ்சள் கரு காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசாமாசம் அவ கல்லறைக்குப் பூ கொண்டுபோறேன்" என்றார் கடைசியில். "ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள அவளத் திட்டிக்கிட்டேதான் வெச்சேன். எவனோ ஒருத்தன் பல்லக் காட்டுனதுக்கு என்னையும் கொழந்தையையும் விட்டுட்டுப் போயிட்டியேன்னு."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"உன்னப் பாக்கவே எனக்குக் கூசுது. போலீஸுக்கு அப்பவே சொல்லியிருந்தா அந்தப் பைக்காரியப் பிடிச்சிருப்பாங்க, தெரியுமா?"

"தெரியும். காட்டிக்குடுத்திருந்தா எங்க தெருவுல எனக்கும் உசுரு இருந்திருக்காது. அதையும் காரணமாச் சொல்லல நார்மன். பாதி பயம். மீதி உங்க மூஞ்சியெல்லாம் மாறிப்போயிடுமேன்னுதான்."

"மாறிடுச்சு" என்றார் அவர். எழுந்து வாசல் கதவைத் திறந்தார். "எங்கிட்ட சொன்னா ஆச்சா? எதுத்த வீட்டு எதெல்தான் முதல்ல பரப்புனவ. அவகிட்டப் போயி சொல்லு. அப்புறம் பக்கத்து வீடு."

மாலை ஐந்து மணி. தெருவில் நடைபாதைக் கற்களின் விளிம்பெல்லாம் பிரிட்டிஷ் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம் அடித்திருந்தது. வாசல்களில் ஆட்கள் இருந்தார்கள். மஜெல்லா ரோட்டைக் கடந்தாள். லோர்னா இரண்டடி பின்னால் வந்தாள். துணைக்கு வந்தாளா, காவலுக்கு வந்தாளா என்று மஜெல்லாவுக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

எதெல் கதவைத் திறந்தாள். மஜெல்லா பேரைச் சொன்னாள், தான் எந்தத் தெரு என்பதையும் சொன்னாள், வாசலின் எந்தப் பக்கம் நின்றாள் என்பதையும். கேட்கக் கேட்க எதெலின் முகம் மாறியது. "கத்தோலிக்கச்சி, அதான பாத்தேன்" என்று முனகிக் கதவை அறைந்தாள்.

"இன்னொரு தடவ தட்டு" என்றாள் லோர்னா. "அம்மா பண்ணலன்னு அவ வாயால வரல."

மஜெல்லா மறுபடி தட்டினாள். எதெல் கதவிடுக்கில் வந்து, "சரி, இசபெல் இல்ல. போதுமா?" என்றாள்.

இரண்டாவது வீட்டுக்காரர் கேட்டு முடிக்கும்வரை டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை. மூன்றாவது வீட்டில் ஒருவன் அவள் காலடியில் காறித் துப்பினான். மஜெல்லா நகரவில்லை, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாள். அங்கிருந்து படியிறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். தெருவில் இன்னும் பதினேழு வீடு இருந்தது.

லோர்னா அவளைத் தொடவில்லை. அவளைத் தாண்டிப் போய் நான்காவது கதவைத் தானே தட்டிவிட்டு, ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.