ஆணித் தொழிற்சாலைப் புஷ்பராணி

தெருமுனையில் தேவாலயக் கோபுரம் தெரிந்ததும் புஷ்பராணியின் வலக்கை ஸ்டியரிங்கை விட்டு நெற்றிக்குப் போய்விடுகிறது. நெற்றி, நெஞ்சு, இரு தோள்கள். அதற்குள் கார் நடைபாதையின் விளிம்பை உரசிவிட்டுத் திரும்பும்.

“தங்கச்சி, மாதா பிறகும் அங்கதான் நிப்பா. முன்னால போறவன் நிக்கமாட்டான்!” என்று அலறுகிறார் அருகிலிருக்கும் அரியரத்தினம். டாக்சி ஓட்டுபவர், ஞாயிறுதோறும் தம் காரிலேயே புஷ்பராணிக்கு ஓட்டப் பழக்குகிறார்.

“கை தானா எழும்புது அண்ணை. நான் என்ன செய்ய?”

கனடாவின் மொன்றியல் நகரில் தெருவுக்கொரு தேவாலயம் இருப்பது புஷ்பராணியின் குற்றமன்று. மன்னாரிலிருந்து வந்த நாள்முதல் எங்கும் நடந்தே பழகியவர், ஐம்பது வயதைக் கடந்தபின் கார் ஓட்டக் கற்கிறார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடுதான் மிதிப்பார். “சப்பாத்து போட்டா, எவ்வளவு மிதிக்கிறனெண்டு காலுக்குத் தெரியாது” என்பது அவருடைய விளக்கம்.

நகரின் லாசால் பகுதியில், பழைய கால்வாயோரத்து ஆலையில் ஆணிகளைப் பெட்டிகளில் அடைப்பது அவர் வேலை. மேசையில் சிந்தியவற்றைக் காந்தத்தால் கூட்டியெடுப்பார். எத்தனை முறை முழுகினாலும் அவர் கூந்தலை விட்டு இரும்பு வாடை போவதில்லை. நீரிழிவால் பார்வையிழந்த கணவர் எமிலியானுஸ், மாலையில் கதவு திறந்ததுமே, “இரும்பு மணக்குது, சோறு வரப்போகுது” என்பார். அந்தச் சோற்றுக்கு வேறு வருமானம் இல்லை.

அந்த ஆலையை அங்கே கொண்டுவந்தது தண்ணீர். படகுகளில் இரும்பு வந்து இறங்கிற்று. பின்னர் தண்டவாளம் ஆலையின் பின்வாசல்வரை நீண்டது. சங்கொலி கேட்கும் தொலைவில் தொழிலாளர் குடியேறினர். இன்று தண்டவாளத்தைப் புல் மூடிவிட்டது. கால்வாயில் உல்லாசப் படகுகள் போகின்றன. நீண்ட லொறிகள் அந்த ஒடுங்கிய தெருவில் திரும்ப முடிவதில்லை. ஆகவே வரும் மாதம் ஆலை ஆற்றுக்கு அப்பால், இரு நெடுஞ்சாலைகள் கூடுமிடத்துக்குப் போகிறது. அங்கே பஸ் இல்லை. இன்னொருவர் காரில் தொற்றிக்கொள்ளலாம் என்றால் வேலைநேரம் ஆளுக்கொன்று.

“சாமான் வாற பாதையைப் பாத்துக் கொம்பனி போகுது. நாங்கள் வாற பாதையை ஆர் பாத்தவை?” என்று புஷ்பராணி ஒருமுறை கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஓட்டுநர் பரீட்சை. வழியிலிருந்த இரண்டு தேவாலயங்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிட்டார். இரு கார்களுக்கிடையில் நேராகவும் நிறுத்திக் காட்டினார். மூன்றாவது தேவாலய வாசலில் ஒரு சவப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கை எழுந்தது. கார் சைக்கிளில் போன ஒருவரை நோக்கிச் சாய, பரீட்சித்த பெண்மணி எட்டி ஸ்டியரிங்கைப் பற்றினார். அத்தோடு பரீட்சை முடிந்தது; தேறவில்லை. மறுமுறை தேதி கிடைக்குமுன் ஆலை போய்விடும்.

“செத்த மனிசனுக்குத் தெரியுமே உங்களுக்கு இண்டைக்குப் பரீட்சை எண்டு?” என்றார் அரியரத்தினம், ஆற்றாமையோடு.

“தெரியாதுதான் அண்ணை. அதுக்காக, பாத்தும் பாக்காத மாதிரிப் போறதே?”

மதியம் ஆலையில் மேற்பார்வையாளர் எல்லோரையும் கூட்டினார். புதிய இடத்துக்குச் சொந்தக் காரில் வரக்கூடியவர்கள் மட்டும் கையை உயர்த்துமாறு பிரெஞ்சில் கேட்டார்; மற்றவர்களுக்கு வேலை இந்த மாதத்தோடு முடியும் என்றார். சிலர் உயர்த்தினர்; மற்றவர்கள் தரையைப் பார்த்தனர்.

புஷ்பராணி எண்ணெய் படிந்த கையை மேலங்கியில் துடைத்தார், பிறகு உயர்த்தினார்.