இப்ராஹிம் ராவுத்தர் மலையேற்றிய கார்

போன புதன்கிழமை காலை நான் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தேன். வெளியே தெரிந்தவை என் கால்கள் மட்டும்தான். பொள்ளாச்சி பஸ்ஸின் கண்டக்டர் வந்து அந்தக் கால்களிடம்தான் செய்தியைச் சொன்னார்.

"ஏனுங்க, ராவுத்தர் தவறிட்டாருங்க. கோயமுத்தூர்ல, மக ஊட்டுல. வெடியால தொழுதுட்டு உக்காந்தவரு எந்திரிக்கலீங்களாம்."

நான் உடனே வெளியே வரவில்லை. கையிலிருந்த ஸ்பேனரால் ஒரு நட்டை முழு பலத்தோடு இறுக்கிவிட்டுத்தான் வந்தேன். கழற்ற வேண்டிய நட்டு அது.

ராவுத்தர் அவர்களின் மூத்த மகன், அப்பாவைப் பற்றி நான் நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டவர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரை அறியாதவர்களுக்கு: கொழிஞ்சாம்பாறை ரோட்டில் பம்புசெட், லாரி, டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர் இப்ராஹிம் ராவுத்தர். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி, கையில் எப்போதும் குடை. அவர் கடைக்கும் என் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். எனக்கு ஏர் பிடிக்க வராது என்று தெரிந்ததும் என் அப்பா ஒரு டிராக்டர் வாங்கினார். அதை நான் வாய்க்காலில் இறக்கியபிறகு, வண்டியை ஓட்டுவதைவிடப் பிரிப்பதே எனக்கு நல்லது என்று வீட்டில் முடிவாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் ஷெட். எனக்கும் என் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அது ஒன்றுதான்.

இடம் எங்களுடையது அல்ல. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரைச் சேர்ந்த ஒரு முதலாளிக்குச் சொந்தம். அவருக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள மலையில், சாந்தன்பாறையில் ஏலக்காய் எஸ்டேட். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் வந்து, ஷெட் இருக்கும் இடத்தில் அரிசி மில் கட்டப்போவதாகவும், நான் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். கையைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக் கரியாக்கிக்கொண்டு நின்றேன்.

ராவுத்தர் தம் கடையிலிருந்து எழுந்து வந்தார். "முதலாளி, உங்க எஸ்டேட்டுல ஒரு ஜப்பான் காரு நிக்குதாமே?"

நின்றது உண்மைதான். கொழும்பிலிருந்து வந்த யாரிடமோ வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மலையேற்றத்தில் தண்ணீர் வற்றி இஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது, கிளட்ச் கருகிவிட்டது. கோயமுத்தூரில் பெரிய இடங்களிலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். முதலாளிக்கு அது பெண்சாதியைவிடப் பெரிய கவலை.

ராவுத்தர் என்னைக் கைகாட்டினார். "அத நம்ம கவுண்டர் செஞ்சு குடுப்பாருங்க. இங்கிருந்து உங்க பங்களா வாசல் வரைக்கும் சொந்த இஞ்சின்ல வரும். கட்டி இழுக்கறது இல்ல, தள்ளறது இல்ல, ஒரு ஆளு கை படாது. வந்துச்சுன்னா அவரு ஷெட்டு அவருக்கே இருக்கோணும்."

"வரலீன்னா?"

"ஷெட்டோட சேத்து என்ற கடையும் எடுத்துக்குங்க. மில்லு பெருசாக் கட்டலாம்."

முதலாளி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவர் போனதும் நான் ராவுத்தரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க ராவுத்தரே, அந்தக் கார நான் கண்ணாலகூடப் பார்த்ததில்லீங்களே."

"நானும்தான் பார்த்ததில்ல. ரெண்டு பேரும் சேந்து பார்க்கலாமுங்க."

லாரிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி வந்து சேர்ந்தது கார். நீண்ட மூக்கு, இரண்டே சீட்டு. என் சின்ன மகள் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, இதுல நாங்கல்லாம் எங்க உக்கார்றது?" என்று கேட்டாள். எனக்கு வேறு கவலை. என்னிடமிருந்த ஸ்பேனர் ஒன்றுகூட அந்த நட்டுகளுக்குப் பொருந்தவில்லை. எங்களுடையது அங்குலக் கணக்கு, அதனுடையது மில்லிமீட்டர். ஒன்று வழுக்கியது, மற்றொன்று நுழையவே இல்லை. ஸ்பேனர்களை அரத்தால் ராவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இஞ்சினின் ஹெட்டைத் தூக்கியபோது பிஸ்டன்கள் பூனை பிராண்டியதுபோல் கீறிக் கிடந்தன. பிளாக்கைக் கோயமுத்தூர் லேத்துக்கு அனுப்பினோம். ராவுத்தர் சிங்கப்பூரிலிருந்த தம் மச்சானுக்குத் தந்தி கொடுத்தார். பிஸ்டனும் ரிங்கும் ஒரே ஒரு செட் வந்தது. ரிங் மாட்டும்போது ஒன்று ஒடிந்தாலும் கதை முடிந்தது. நான் ஒவ்வொரு ரிங்காக விரித்து இறக்க, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி ரிங் உட்கார்ந்ததும் அவர் விட்ட மூச்சில் மேஜைமேலிருந்த பேப்பர் பறந்தது. கிளட்ச் பிளேட்டுக்கு உள்ளூர் வழிதான். லாரி லைனிங்கை அளவுக்கு வெட்டி, ஓட்டைபோட்டு, செம்பு ரிவெட் அடித்தோம்.

புதிதாகக் கட்டிய இஞ்சினை எங்கள் ஷெட்டில் வெள்ளிக்கிழமைதான் முதலில் கிளப்புவது வழக்கம். எனக்கு ராகு காலம் முடிய வேண்டும், அவருக்கு ஜும்மாவுக்குப் புறப்பட வேண்டும். இடையில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்கிவந்தவர் ராவுத்தர். அன்று இஞ்சின் இருமியது, துப்பியது, கிளம்பவில்லை. "நான் போயிட்டு வந்தர்றேன். சத்தம் எனக்கு அங்க கேக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பிவைத்து மறுபடி சாவி போட்டேன். சைலன்சர் மாட்டாத இஞ்சின் கடைவீதி முழுக்கக் கத்தியது. திரும்பி வந்தவர் சொன்னார்: "அல்லா மன்னிக்கோணும். பாதிக் காது உங்க ஷெட்டுலதான் இருந்துச்சு."

பத்து நாள் உள்ளூரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் இருவரும் புறப்பட்டோம். பொள்ளாச்சி, பழனி, தேனி என்று சமவெளியில் கார் பட்டுப்போல வந்தது. போடியில் டீ குடித்தபோது, மில்லை வேறு எந்த இடத்தில் கட்டலாம் என்று முதலாளிக்கு நாமே யோசனை சொன்னால் என்ன என்று நான் கேலி பேசினேன்.

போடிமெட்டு ஏற்றத்தில் நாலாவது வளைவு தாண்டியதும் இஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கருகல் வாடை வந்தது. கிளட்ச் வழுக்குகிறது. ஓரங்கட்டினேன். இடப்பக்கம் பள்ளம், அடி தெரியவில்லை.

ராவுத்தர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். "கல்லு வெக்கலாம். கைதான் வெக்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில் ஒரு வண்டி நின்றால் கூப்பிடாமலே பத்துப் பேர் தள்ள வந்துவிடுவார்கள். மலையிலும் அப்படித்தான். ஏலக்காய் லாரி ஒன்று நின்றது. ஆட்கள் குதித்து ஓடிவந்தார்கள்.

"ஏண்ணே, ஒரு தள்ளு தள்ளுனா போயிரும்ல? தள்ளுங்கடா."

ராவுத்தர் காருக்குப் பின்னால் குடையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். "யாரும் தொடாதீங்க. தம்பிகளா, உங்க காலுல உழுகறேன், தொடாதீங்க."

"என்ன பாய், சாமி தேரா இது?" என்று ஒருவன் கேட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ராவுத்தரே, இங்க யாருங்க பார்க்கறாங்க? வளைவு தாண்டட்டுமே."

"கை படாதுன்னு சொன்னது நானுங்க" என்றார். அவ்வளவுதான். லாரிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

ராவுத்தர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்: "கீழ புடிச்ச கிளச்சு மேல ஏன் புடிக்கல? நீங்க எதையும் மாத்தல. அப்ப தானா மாறுனது ஏதோ இருக்குதுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புது லைனிங் ஓட ஓடப் படியும். படியப் படிய, பெடலில் நாம் விட்ட இடைவெளி குறையும். அது தீர்ந்துவிட்டால் கிளட்ச் முழுசாய்ப் பிடிக்காது. நான் டிராக்டருக்கு விடும் அளவையே இதற்கும் விட்டிருந்தேன். சூடு தணியும்வரை காத்திருந்து, அடியில் படுத்துப் பெடல் தண்டைத் தளர்த்தி அந்த இடைவெளியைத் திரும்ப விட்டேன். கல் நழுவினால் நான் சப்பாத்தி. ராவுத்தர் அந்தக் கல்லின்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, நான் வெளியே வரும்வரை நகரவே இல்லை.

பிடித்தது. ஆனால் பாதி லைனிங் கருகிவிட்டது. பளுவைத் தாங்காது. அதை நான் சொல்வதற்குள் அவர் சீட்டிலிருந்து தம் பையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க மெதுவா ஓட்டுங்க. நான் நடக்கறேன்."

மிச்ச மலையை அவர் நடந்தே ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் சமதளமாகப் பார்த்து நிறுத்தி நான் காத்திருப்பேன். அவர் மூச்சு வாங்க வந்து, கையை அசைத்து, போங்க என்பார். உச்சிக்குச் சற்றுக் கீழே புது பயம் வந்தது. மேலே கேரள செக்போஸ்ட். ஏற்றத்திலேயே நிறுத்தச் சொல்வார்கள். அங்கே நிறுத்தினால் மறுபடி கிளப்ப அந்தக் கிளட்சில் உயிர் இல்லை.

"நான் முன்னால போயி கேட்டத் தூக்கச் சொல்றேன். தூக்குனதும் குடையக் காட்டுவேன், வந்துருங்க" என்று சொல்லிவிட்டு, அந்த உடம்போடு குறுக்குப் பாதையில் ஓடினார். அங்கே நடந்ததைப் பின்னால் செக்போஸ்ட்காரரே எனக்குச் சொன்னார். தமிழ்நாட்டிலிருந்து அரிசி கடத்துகிறார்களா என்று ஒவ்வொரு வண்டியையும் சோதிக்கும் காலம் அது.

"வண்டி நிர்த்தணும். பரிசோதிக்காதெ விடான் பற்றில்லா." சோதிக்காமல் விட முடியாது என்றிருக்கிறார்.

"நிறுத்துனா செத்துப்போகுங்க சாரே. வண்டிப் புத்தகம், கடுதாசி எல்லாம் இந்தாங்க. வண்டி போகட்டும், நான் இங்க உக்காந்துக்கறேன். அரிசி இருந்தா என்னை உள்ள போடுங்க."

கீழே சமதளத்தில் நிறுத்திக் காத்திருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் மூடியிருந்த கேட்டும் வெறும் வானமும்தான். இஞ்சின் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. அணைக்கவும் பயம், விடவும் பயம். பிறகு கேட் மெல்ல எழுந்தது. கறுப்புக் குடை ஒன்று விரிந்து ஆடியது. இரண்டாம் கியரில், மாற்றாமல், கிளம்பியபின் காலைக் கிளட்ச் பக்கமே கொண்டுபோகாமல் ஏறினேன். கேட்டைத் தாண்டும்போது அவரைப் பார்க்கக்கூட முடியவில்லை. பூப்பாறை தாண்டி, பங்களா வாசலில்தான் பிரேக் போட்டேன்.

முதலாளி இறங்கி வந்தார். காரைப் பார்க்கவில்லை, பக்கத்து சீட்டைப் பார்த்தார். "ராவுத்தர் எங்கீங்க?"

"உங்க காருக்கு ஜாமீனா இருக்காருங்க."

முதலாளியே ஜீப் எடுத்தார். செக்போஸ்டில் ராவுத்தர் பெஞ்சில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். பாதம் முழுக்கக் கொப்புளம். என்னைக் கண்டதும் முதல் கேள்வி:

"யாராச்சும் தொட்டாங்களா?"

"இல்லீங்க."

அதற்குப் பிறகுதான் முதலாளிக்கு சலாம் சொன்னார். மில் பேச்சு அன்றோடு நின்றது.

புதன்கிழமை மாலை அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். மறுநாள் ஷெட்டைத் திறக்க மனமில்லை. ஆனால் விதைப்பு நேரம், டிராக்டர்காரர் காத்திருந்தார். என்ன சாமான் வேண்டும் என்று கேட்டார். ஒரு பேரிங், ஒரு ஆயில் சீல் என்று சொல்லி, வழக்கம்போல் பக்கத்துக் கடையைக் கைகாட்டினேன். அவர் பூட்டிய கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாமான் வாங்கப் பொள்ளாச்சி பஸ் ஏறப் போனார்.

ராவுத்தரே, நீங்கள் நடந்து வாங்கிக் கொடுத்த இடத்தில்தான் நிற்கிறேன். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.